பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு சென்ற அனுபவம்

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தின் வளாகம் 16 ஏக்கருக்கும் மேற்பட்டது. 6 கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள் உள்ளன. ஒரு காட்சிக்கூடத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஏழு மணி நாற்பது நிமிடம் ஆகும். அருங்காட்சியகம் திறந்திருப்பதோ காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை, அதாவது ஏழரை மணி நேரம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகனையும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளையும் எழுபது வயதைக் கடந்த என் தந்தையையும் அழைத்துச் செல்லும் எங்களுக்கு, எதைப் பார்ப்பது என்பதற்கு முன்பே எதை விட்டுவிடுவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

அப்படிப் பேசும்போது எங்களுக்கு உதவியது ஊர்தான். அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஏதோ ஓர் ஊரின் மண்ணிலிருந்தோ கோயிலிலிருந்தோ ஆற்றங்கரையிலிருந்தோ வந்தது. அந்த ஊர்களில் சில நம்முடைய ஊருக்குப் பக்கத்து ஊர்களாகவே இருக்கும். என் தந்தை சீர்காழிப் பக்கத்தவர். திருவெண்காடு அவருக்கு நடந்து போய்த் திரும்பிய ஊர். என் கணவரின் குடும்பம் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தது. ஆதிச்சநல்லூர் அவருக்குப் பேருந்து நிறுத்தத்தின் பெயராகச் சிறுவயதிலேயே அறிமுகமானது. நாங்கள் இப்போது குடியிருப்பது தாம்பரத்தில். பல்லாவரம் எங்கள் பிள்ளைகள் அன்றாடம் கடந்து செல்லும் ஊர். இந்த மூன்று ஊர்ப்பெயர்களையும் எழும்பூரில் பார்க்க முடியும் என்று தெரிந்ததும் எங்கள் திட்டம் தானாகவே அமைந்துவிட்டது. செப்புத் திருமேனிகள், ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள், கற்கருவிகள் என மூன்றை மட்டும் உறுதி செய்துகொண்டோம். யானை என்றால் உயிரையே விடும் மகனுக்காக அமராவதிச் சிற்பங்களையும் சேர்த்துக்கொண்டோம். மற்றவற்றை இன்னொரு முறைக்கு ஒதுக்கினோம்.

முதலில் நடைமுறைச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறந்திருக்காது. வெளியூரிலிருந்து வருபவர்கள் வியாழன் இரவு ரயிலேறி வெள்ளி காலை எழும்பூரில் இறங்கும்படி பயணச்சீட்டு எடுத்துவிட்டால், பூட்டிய வாயிலைத்தான் பார்க்க நேரிடும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் இரவு பிள்ளைகளிடம் அருங்காட்சியகத்தின் கதையைக் கொஞ்சம் சொன்னோம். 1851ஆம் ஆண்டில், சென்னை இலக்கியச் சங்கம் அளித்த ஏறத்தாழ 1,100 பாறை, கனிம மாதிரிகளை வைத்து, நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இது தொடங்கியது; கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பழையது இதுவே. எட்வர்டு பால்ஃபோர் என்ற மருத்துவர் இதன் முதல் பொறுப்பாளராக இருந்தார். 1854இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. அந்த 1850களில் இந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார்கள். அந்தச் சிறிய விலங்குக் கூட்டம்தான் பின்னர் வளர்ந்து, இடம் மாறி, 1985இல் வண்டலூரில் குடியேறிய உயிரியல் பூங்காவாக இன்று இருக்கிறது. வண்டலூரைப் பலமுறை பார்த்திருந்த மகனுக்கு, நாளை நாம் போகப்போகும் இடத்தில் ஒரு காலத்தில் புலி இருந்தது என்ற ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது. மீதியை அவன் கேட்டதாகத் தெரியவில்லை. அதில் தவறும் இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு செய்தி, பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு கேள்வி என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால்தான் மறுநாள் பார்க்கும் பொருளுக்கு மனத்தில் இடமிருக்கும். மகளிடம் நான் கொடுத்த கேள்வி இதுதான்: சாமி சிலைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பீடத்தைப் பார், அங்கே என்ன இருக்கிறது?

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் சென்றோம். பல்லாவரம் நிலையத்தில் வண்டி நின்றபோது, 1863ஆம் ஆண்டு மே மாதம் இந்த ஊரின் ராணுவ அணிவகுப்புத் திடலுக்கு அருகே சரளைக்கல் தோண்டிய குழியில், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கையடக்கமான ஒரு கல்லைக் கண்டெடுத்ததைச் சொன்னேன். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி என்பதை அவர் அடையாளம் கண்டார். இந்தியத் துணைக்கண்டத்தில் அவ்வளவு தொன்மையான மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சான்றாக அந்தக் கல் அமைந்தது. அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன; அத்திரம்பாக்கத்தில் அண்மைக் காலத்தில் நடந்த ஆய்வுகள், அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளிப்படுத்தின. ரயில் நகரத் தொடங்கிய பிறகும் மகள் சன்னல் வழியாக நடைமேடைக்கு அப்பால் பார்த்துக்கொண்டே வந்தாள். தினமும் பார்க்கும் ஊரைப் பற்றி ஒரு குழந்தை முதல்முறையாக யோசிக்கத் தொடங்குவதைப் பார்ப்பது, பெற்றோருக்கு அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன்பே கிடைத்துவிடும் பலன்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் முதல் கட்டடத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவதுதான் பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். அப்படிச் செய்தால், மிகுந்த கவனம் தேவைப்படும் பொருட்களுக்கு முன்னால் போய் நிற்கும் நேரத்தில் குழந்தைகளுக்குக் கால் வலியும் பசியும் வந்திருக்கும். ஆகவே நாங்கள் நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குச் சென்றோம். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதும், பள்ளிகளிலிருந்து வரும் குழுக்கள் வந்து சேரும் முன் அமைதியாக நின்று பார்க்கலாம் என்பதும் கூடுதல் காரணங்கள்.

அங்கே எங்கள் வழிகாட்டியாக மாறியவர் என் தந்தை. அவர் கலை வரலாறு படித்தவர் அல்லர். ஆனால் சிறுவயது முதல் திருவிழாக்களில் சுவாமி புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர், இளமையில் தோள் கொடுத்துத் தூக்கியவர். மகள் எனது கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பீடமாகக் குனிந்து பார்த்தாள். தாமரை இதழ்கள் செதுக்கிய பீடத்தின் கீழே சதுரமான அடித்தளத்தில் துளைகளும் பக்கவாட்டில் வளையங்களும் இருப்பதைக் கண்டு, இவை எதற்கு என்று தாத்தாவிடம் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டி, அந்த வளையங்களிலும் துளைகளிலும் எப்படித் தண்டு செருகிக் கயிற்றால் இறுக்குவார்கள், அப்படி இறுக்கினால்தான் தூக்குபவர்கள் நடை போட்டு ஆடும்போது சுவாமி அசையாமல் இருப்பார் என்று விளக்கினார். கருவறையில் நிலையாக இருக்கும் கல் மூலவர் வெளியே வரமாட்டார். கோயிலுக்குள் வர இயலாதவர்களையும் பார்ப்பதற்காக வீதிக்கு வருபவர் இந்த உற்சவர்தான் என்றும் சொன்னார். கண்ணாடிப் பேழைக்குள் அசையாமல் நிற்கும் அந்த உருவங்கள் எல்லாம் உண்மையில் நடமாடுவதற்காகவே வார்க்கப்பட்டவை என்பதை ஒரு துளை காட்டிக்கொடுத்துவிட்டது. பெயர்ப்பலகையில் இவ்வளவும் எழுத இடமிருக்காது. வீட்டில் இருக்கும் முதியவர்களை, கால் வலிக்குமே என்று எண்ணி விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: இத்தகைய காட்சிக்கூடத்தில் அவர்கள்தான் அதிகம் தெரிந்தவர்கள்.

துளைகளைப் பார்த்து முடித்த பிறகு முகங்களைப் பார்த்தோம். சில திருமேனிகளில் மூக்கு, கண், கன்னம் ஆகியவை மழுங்கியிருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து, துடைத்து, சந்தனம் சாத்தி, மறுபடியும் துடைத்ததால் ஏற்படும் தேய்மானம் அது. வழிபாட்டில் நீண்ட காலம் இருந்த படிமத்துக்கும், வார்த்த சில காலத்திலேயே மண்ணுக்குள் போய்விட்ட படிமத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இப்படி முகத்தின் கூர்மையை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், அவர்கள் அடுத்தடுத்த சிலைகளைத் தாங்களாகவே ஒப்பிடத் தொடங்குவார்கள்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்பு நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலப் படைப்பு. வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. இரண்டு பேரைச் செங்குத்தாக வெட்டி ஒட்டினாற்போல் எதுவும் தெரியாது. ஒரே உடல் ஒரே மூச்சில் நிற்கிறது. மகளை முதலில் கைகளை எண்ணச் சொன்னேன். மூன்று என்றாள், மறுபடியும் எண்ணினாள், மூன்றுதான். வலப்புறம் சிவனுக்கு உரிய இரண்டு கைகள். இடப்புறம் உமைக்கு ஒரே ஒரு கை. பிறகு உடையைப் பார்க்கச் சொன்னேன். வலக்காலில் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது. இடக்காலில் கணுக்கால் வரை இறங்கி வருகிறது. இடப்புற இடுப்பு சற்றே வெளிப்பக்கம் வளைய, அந்த வளைவை ஈடுகட்டுவதுபோல் மேலுடல் சாய்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய வெவ்வேறு உடற்கூறுகளை ஒரு சிற்பி ஒரே உருவத்தில் சமன் செய்திருக்கிறார் என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், மகள் தானே ஒருமுறை அப்படி நின்று பார்த்தாள். சிலை நிற்கும் நிலையில் நாமும் நின்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. உடலின் எடை எந்தக் காலில் விழுகிறது, தோள் எங்கே தாழ்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

என் தந்தை பெயர்ப்பலகையில் இருந்த ஊர்ப்பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு கைகூப்பினார். அருகில் நின்ற மகன் தயக்கமின்றிக் கேட்டான்: "தாத்தா, இந்தச் சாமி நம்ம ஊர்ச் சாமின்னா இங்க ஏன் இருக்கு?"

அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளோடு செல்லும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். இதற்கு மழுப்பாமல் விடை சொல்ல ஆயத்தமாகச் செல்ல வேண்டும். போர்க்காலங்களில் கோயிலில் உள்ளவர்கள் திருமேனிகளைக் காப்பாற்றுவதற்காக மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூரின் படையெடுப்பு போன்ற நெருக்கடிகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. புதைத்தவர்கள் திரும்ப வராமலோ, இடத்தைச் சொல்லாமலோ மறைந்துபோனால், படிமங்கள் பல நூற்றாண்டுகள் அங்கேயே கிடந்தன. பிற்காலத்தில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, வயலை உழவோ தோண்டியபோது அவை கிடைத்தன. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, நிலத்துக்கடியில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் அதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில் அரசின் கைக்கு வந்து அருங்காட்சியகத்தை அடைந்த திருமேனிகள் பல. இவ்வளவையும் சுருக்கி, "பத்திரமாக இருக்கட்டும் என்று மண்ணுக்குள் வைத்தார்கள், கண்டுபிடித்தவர்கள் பத்திரமாக இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்" என்று அவனுக்குச் சொன்னோம். மகளோ, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்றாள். அது பெரியவர்களும் இன்றுவரை விவாதிக்கும் கேள்வி என்பதால், இரு பக்க நியாயத்தையும் எடுத்துச் சொல்லி, முடிவை அவளிடமே விட்டோம். எல்லாக் கேள்விக்கும் அந்த இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் பெற்றோருக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

தொடக் கூடாது என்பதையும் காரணத்தோடு சொன்னால் குழந்தைகள் கேட்கிறார்கள். இந்தப் படிமங்கள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் முதலில் முழு உருவத்தையும் செய்வார்கள். அதன்மேல் ஆற்றின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, உலரவைத்து, மேலும் மண் சாத்திக் கரு எனப்படும் அச்சாக்குவார்கள். சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் கருவை உடைத்துத்தான் படிமத்தை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஒரு கருவிலிருந்து ஒரு படிமம் மட்டுமே பிறக்கும், அதுபோல இன்னொன்று இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இவ்வாறே வார்க்கிறார்கள். இப்படி இரண்டாவது பிரதி இல்லாத ஒரு பொருளின்மேல் நம் விரலின் வியர்வையில் உள்ள உப்பு படிந்தால், செம்பு கலந்த உலோகம் வெளிர்பச்சைத் தூளாக அரிக்கத் தொடங்கும். குளோரைடு உப்புகளால் வரும் இந்த அரிப்பு ஒருமுறை பிடித்துவிட்டால் காற்றின் ஈரத்தைக் கொண்டே தொடர்ந்து பரவும். மண்ணிலிருந்து எடுத்த படிமங்களை இந்த நோயிலிருந்து மீட்பதற்காக 1930இலேயே இங்கு ஒரு வேதியியல் ஆய்வகத்தைத் தொடங்கி, மின்பகுப்பு முறையில் படிமங்களைத் தூய்மை செய்திருக்கிறார்கள். சிலைக்கும் நோய் வரும், அதற்கும் மருத்துவர் உண்டு என்று கேட்ட மகன் அதன்பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தான்.

நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களையும் அங்கே பார்க்கலாம். அவற்றைக் கடக்கும்போது தலையுச்சியில் எழும் தீச்சுடர் வடிவத்தை மட்டுமாவது கவனியுங்கள். 1856 முதல் 1930கள் வரை நாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 350 புத்தர் படிமங்கள் கிடைத்தன. முதலாம் இராசராசன் காலத்தில் கடல்கடந்த ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் அந்தத் துறைமுக நகரில் இருந்தது. சைவக் கோயில்களின் நடுவே பிறந்து வளர்ந்த என் தந்தைக்கு, தம் ஊரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இவ்வளவு புத்தர்கள் இருந்தார்கள் என்பது அன்றைய பெரிய வியப்பாக அமைந்தது.

இதற்கு மேல் தொடராமல் வெளியே வந்து மர நிழலில் அமர்ந்தோம். ஒன்றேகால் மணி நேரம் நின்றபடி பார்த்தால் பெரியவர்களுக்கே மனம் களைத்துவிடும். கூடங்களுக்குள் உணவு கொண்டுபோகக் கூடாது என்பதால் தண்ணீரும் தின்பண்டமும் இந்த இடைவேளைக்குத்தான் உதவும். முதியவர்கள் உடன் வந்தால் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இத்தகைய ஓய்வைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். சில இடங்களில் மாடிப்படி ஏறவேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்ததாக ஆதிச்சநல்லூர். இங்கே பேச வேண்டியவர் என் கணவர். தூத்துக்குடி மாவட்டத்தில் திருவைகுண்டத்துக்கு அருகே தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள அந்த ஈமக்காட்டில், 1876இல் ஜெர்மானியரான யாகோர் முதலில் அகழ்ந்தார். பின்னர் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்து எடுத்த பொருட்கள் எழும்பூருக்கு வந்தன. முதுமக்கள் தாழிகளோடு, நெற்றியில் கட்டுவதற்கான மெல்லிய பொற்பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள், விலங்குருவங்கள் அமைந்த வெண்கலக் கலங்கள், பெண் தெய்வம் என்று கருதப்படும் ஒரு சிறு வெண்கல உருவம் ஆகியவை அவற்றில் அடங்கும். என் கணவர் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கத்து மேடுகளில் சிவப்பும் கறுப்புமான பானை ஓடுகள் மழைக்குப் பிறகு மேலே தெரியும் என்றும், யாரும் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை என்றும் பிள்ளைகளிடம் சொன்னார். தாழியின் வாய் அகலத்தைக் கையால் அளந்து காட்டி, இறந்தவர்களின் எலும்புகளோடு அவர்கள் பயன்படுத்திய பொருட்களையும் உணவுக்கான கலங்களையும் வைத்துப் புதைத்தார்கள் என்று விளக்கினார்.

மரணத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசத் தயங்கும் பெற்றோர் இந்தக் கூடத்தை விரைவாகக் கடந்துவிடுவதை அன்றும் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இறந்தவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவருக்கு வேண்டியதையெல்லாம் உடன் வைத்த மனிதர்களைப் பற்றிய பேச்சு, குழந்தைகளுக்கு அச்சத்தைத் தருவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான என் தாயைப் பற்றி மகன் பேசியது அங்கேதான். ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டான். தாத்தா, தாம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஃபூட் திரட்டிய கற்கருவிகளின் தொகுப்பைச் சென்னை அரசு 1904இல் வாங்கி இங்கே வைத்தது. பார்ப்பதற்கு வெறும் கற்களாகத் தோன்றும் இவற்றுக்கு முன்னால் குழந்தைகள் நிற்க வேண்டுமானால், எதைப் பார்ப்பது என்று காட்ட வேண்டும். கைக்கோடரியின் இரு விளிம்பிலும் சில்லுகள் பெயர்ந்த குழிவுகள் அடுத்தடுத்து இருக்கும்; இயற்கையாக உடைந்த கல்லில் அந்த ஒழுங்கு இருக்காது. ஒரு முனை கூராகவும் மறுமுனை உள்ளங்கைக்கு அடங்கும்படி தடித்தும் இருக்கும். அதை எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று கையைக் காற்றில் மடக்கிப் பார்க்கச் சொன்னோம். இந்தக் கூடத்தில் நாங்கள் அதிக நேரம் செலவிடவில்லை. பல்லாவரத்தில் ரயில் நின்றபோதே பாதி வேலை முடிந்திருந்தது.

அமராவதிச் சிற்பங்கள் நம் மாநில எல்லைக்குள் கிடைத்தவை அல்ல. ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையிலிருந்த பெரும் பௌத்தத் தூபியின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. 1797இல் காலின் மெக்கன்சி அந்த இடத்தைப் பார்த்துப் பதிவு செய்தார், 1845இல் வால்ட்டர் எலியட் அகழ்ந்து பலவற்றைச் சென்னைக்கு அனுப்பினார். அவர் அனுப்பியவற்றில் பெரும்பகுதி 1859இல் கப்பலேறி இலண்டன் போய், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் நடந்த அகழ்வுகளில் கிடைத்தவையும் சேர்ந்த பெருந்தொகுதி எழும்பூரில் உள்ளது. ஒரே தூபியின் கற்கள் இப்படிக் கண்டம் விட்டுக் கண்டம் பிரிந்து கிடப்பதை எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

மகனுக்காக நாங்கள் தேடியது நளகிரி யானையைக் காட்டும் வட்டச் சிற்பம். புத்தரைக் கொல்வதற்காகத் தேவதத்தன் மதம் பிடித்த யானையை இராசகிருக நகரத் தெருவில் அவிழ்த்துவிட்டதும், அது அவர் முன் அடங்கியதும் கதை. சிற்பி இதை ஒரே வட்டத்துக்குள் சொல்லிவிடுகிறார். இடப்பக்கத்தில் யானை வெறியோடு பாய்ந்து, துதிக்கையில் ஒருவனைச் சுழற்றுகிறது. மக்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பதறுகிறார்கள். மாடிச் சாளரங்களிலிருந்து சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கத்தில் அமைதியாக நிற்கும் புத்தரின் காலடியில் அதே யானை மண்டியிட்டுக் கிடக்கிறது. எத்தனை யானை என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் முதலில் இரண்டு என்றுதான் சொல்லும். என் மகனும் அப்படியே சொன்னான். ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை நாங்கள் விளக்காமல் காத்திருந்தோம். சற்று நேரம் மாறி மாறிப் பார்த்தவன், "முதல்ல கோபம், அப்புறம் சமாதானம்" என்றான். ஒரே சட்டகத்துக்குள் முன்னும் பின்னுமாக நிகழும் இரு கணங்களைக் காட்டும் இந்த முறையை, சித்திரக்கதை படித்துப் பழகிய குழந்தைகள் நம்மைவிட எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். விளக்கத்தை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் அரை நிமிடம் பொறுத்திருப்பதே பெற்றோரால் செய்யக்கூடிய பெரிய உதவி.

கைப்பேசியில் படம் எடுப்பதைப் பற்றி எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு பொருளை முதலில் கோட்டுப்படமாக வரைய வேண்டும், அதன்பிறகு வேண்டுமானால் பெயர்ப்பலகையை மட்டும் படமெடுக்கலாம். இந்தப் பொருட்களின் நல்ல படங்கள் ஏற்கெனவே நிறையக் கிடைக்கின்றன; கண்ணாடியின் எதிரொளிப்போடு நாம் எடுக்கும் படத்தால் பெரிய பயனில்லை. வரையத் தொடங்கிய பிறகுதான் மகளுக்கு அர்த்தநாரீசுவரரின் இரு காதணிகளும் ஒன்றுபோல் இல்லை என்பது தெரிந்தது; அதை எங்கள் யாருடைய கண்ணும் அதுவரை பார்க்கவில்லை. சிறிய குறிப்பேடும் பென்சிலும் போதும். மைப்பேனாவை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

புறப்படும் முன், வாக்களித்தபடி, விலங்கியல் பகுதியில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தோம். ஊர் சார்ந்த எங்கள் திட்டத்தில் அதற்கு இடமில்லைதான். ஆனால் குழந்தைக்கு அது வேண்டும். கட்டுக்கோப்பான திட்டத்திலும் இப்படி ஒன்றை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவைப்பது நல்லது. பிற்பகல் வெயில் ஏறுவதற்குள் ரயில் நிலையம் திரும்பிவிட்டோம். பெரும்பாலான கூடங்களைப் பார்க்கவே இல்லை; அதைப் பற்றி யாரும் குறைப்படவும் இல்லை.

வீட்டுச் சுவரில் ஒரு தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி, பார்த்த பொருட்களின் ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். இனி எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பொருள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே தேடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. அடுத்து நாங்கள் போகவிருப்பது தஞ்சாவூர் அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடம். திருவெண்காட்டு மண்ணிலிருந்தே கிடைத்த ரிஷபவாகன தேவர் அங்கேதான் இருக்கிறார். 1011இல் அவரும் அடுத்த ஆண்டு அவருடைய தேவியும் வார்த்தளிக்கப்பட்டதை அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் சொல்கின்றன. கால்களை லேசாகப் பின்னிக்கொண்டு, வலக்கையை எதன்மேலோ சாய்த்தபடி அவர் நிற்பார். அந்தக் கைக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. குழந்தைகளோடு தஞ்சைக்குச் செல்பவர்கள் முதல் நாள் இரவு பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அங்கே போய் நின்றதும் கேட்டுப் பார்க்கலாம்: அந்தக் கை எதன்மேல் சாய்ந்திருந்திருக்கும்?